பழைய பெட்டிக்குப் புது உயிர்!

1972-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் சன்னிவேல் நகரில் நடந்த ஒரு வேடிக்கையைக் கேளுங்கள்.

அங்கே ஒரு விடுதியில் புதுமையான பெட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். காசு போட்டால் திரையில் ஒரு புள்ளி பந்து போல ஓடும். இரு பக்கமும் உள்ள கோடுகளை மேலும் கீழும் நகர்த்தி அந்தப் பந்தைத் தட்ட வேண்டும். அடாரி நிறுவனம் தயாரித்த 'பாங்' விளையாட்டுதான் அது.

கொஞ்ச நாளில், "பெட்டி வேலை செய்யவில்லை, வந்து பாருங்கள்" என்று தகவல் வந்தது. அதை உருவாக்கிய பொறியாளர் ஆலன் ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தார். கோளாறு மின்சுற்றில் இல்லை. காசு விழும் டப்பா நிரம்பி வழிந்ததால், மேற்கொண்டு காசு போட முடியாமல் பெட்டி நின்றுபோயிருந்தது! அத்தனை பேர் விளையாடியிருக்கிறார்கள்!

எதையும் கழற்றி எறிவதற்கு முன் திறந்து பார், என்ன கோளாறு என்று கண்டுபிடி. பழைய விளையாட்டுப் பெட்டிகளைத் தேடி வாங்கி, சரிசெய்து, வீட்டில் வைத்து விளையாடும் ஆர்வலர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் பாடமே இதுதான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பீரோ போல ஆளுயரம் இருக்கும் மரப்பெட்டி அது. உச்சியில் விளையாட்டின் பெயர் ஒளிரும் பலகை. நடுவில் பழைய டி.வி.யில் இருந்ததைப் போன்ற பிக்சர் டியூப். அதன் கீழே 'ஜாய்ஸ்டிக்' என்னும் கைப்பிடியும் பொத்தான்களும். அதற்கும் கீழே காசு போடும் துளை. உள்ளே மின்சுற்று அட்டை. பெரும்பாலான பெட்டிகளில் விளையாட்டு முழுவதும் அந்த அட்டையில் உள்ள சிப்புகளில்தான் பதிந்திருக்கும்.

ஜாய்ஸ்டிக் ஏதோ மாயக்கோல் என்று நினைக்காதீர்கள். அதன் அடியில் நாலு பக்கமும் நாலு சின்ன சுவிட்சுகள் இருக்கும். கைப்பிடியை வலப்பக்கம் சாய்த்தால் அதற்குரிய சுவிட்ச் இணையும். உங்கள் வீட்டு அழைப்பு மணியின் பொத்தானும் இதே வேலையைத்தான் செய்கிறது!

1980-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட 'பேக்-மேன்' உலகெங்கும் பெயர் பெற்றது. பிறகு வீட்டு டி.வி.யிலேயே விளையாடும் கருவிகள் பெருகின. பெட்டிகள் மூலைக்குப் போயின. பல உடைக்கப்பட்டன.

பெட்டி ஒன்று, விளையாட்டு இரண்டு!

பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு விளையாட்டை மட்டும் மாற்ற முடியுமா? முடியும். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'ரேடார் ஸ்கோப்' என்ற விளையாட்டைத் தயாரித்தது. அதன் அமெரிக்கக் கிளை சுமார் 3,000 பெட்டிகளை வரவழைத்தது. கப்பலில் வந்து சேரப் பல வாரங்கள் ஆகிவிட்டன. ஏறத்தாழ 2,000 பெட்டிகள் விற்காமல் தேங்கின. கிளையை மூட வேண்டியதுதானா என்ற கவலை!

அப்போது ஷிகெரு மியாமோட்டோ என்ற இளைஞரிடம், "இதே பெட்டிகளுக்குப் பொருந்தும்படி புது விளையாட்டு ஒன்றை உருவாக்குங்கள்" என்றார்கள். அப்படிப் பிறந்ததுதான் 1981-இல் வந்த 'டாங்கி காங்'. அமெரிக்கக் கிளையின் தலைவர் மினோரு அரகாவா, அவருடைய மனைவி யோகோ, ஒரு சில ஊழியர்கள் ஆகியோர் சேர்ந்து பழைய பெட்டிகளில் புது விளையாட்டைப் பொருத்தினார்கள். எல்லாம் விற்றுத் தீர்ந்தன! அதில் வந்த 'ஜம்ப்மேன்'தான் பின்னாளில் மாரியோ ஆனான்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இப்படி மாற்றியதால் 'ரேடார் ஸ்கோப்' பெட்டிகள் குறைந்துவிட்டன. இன்று மாற்றப்படாத ஒரு பெட்டியைக் காண்பது அரிது. ஒன்றுக்கு உயிர் கொடுக்கும்போது இன்னொன்று மறைந்துபோகலாம்!

வீட்டுப் பெட்டி எப்படித் தயாராகிறது?

அதனால்தான் நல்ல ஆர்வலர்கள் முதலில் உள்ளே பார்க்கிறார்கள். பழைய அட்டை இருந்தால் அதைப் பழுது பார்க்கவே முயல்கிறார்கள். சில அட்டைகளில் பேட்டரி கசிந்து செம்புக் கோடுகளை அரித்திருக்கும். அரித்த இடத்தைச் சுத்தம் செய்து, மெல்லிய கம்பியால் பற்றவைத்தால் சில நேரம் பெட்டி மறுபடி பாடத் தொடங்கிவிடும்!

உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் கூடுதான் என்றால் வேறு வழி. உளுத்த பலகையை மாற்றி வண்ணம் பூசுகிறார்கள். புதிய திரை, ஜாய்ஸ்டிக், பொத்தான்களைப் பொருத்துகிறார்கள். அவற்றின் கம்பிகள் ஒரு சின்ன அட்டைக்குப் போகும். பொத்தானைத் தட்டினால், கம்ப்யூட்டர் கீபோர்டில் ஒரு எழுத்தை அழுத்தியது போன்ற செய்தியை அந்த அட்டை அனுப்பும்.

செய்தியைப் பெறுவது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். 2012-இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'ராஸ்பெரி பை' ஏ.டி.எம். அட்டை அளவுதான் இருக்கும்! அதில் 'மேம்' போன்ற மென்பொருளை ஏற்றுவார்கள். இத்தாலியைச் சேர்ந்த நிகோலா சல்மோரியா 1997-இல் தொடங்கிய மென்பொருள் இது. நாடகத்தில் ஒருவர் ராஜா வேஷம் போடுவதைப் போல, புதிய கம்ப்யூட்டர் பழைய பெட்டியாக வேஷம் போட இது உதவுகிறது. ஒவ்வொரு பெட்டியும் எப்படி வேலை செய்தது என்பதை மறந்துபோகாமல் பதிவு செய்வதே இதன் நோக்கம்.

விளையாட்டுகளுக்கு உரிமையாளர்கள் உண்டு. அனுமதியில்லாமல் நகல் எடுப்பது தவறு. முறைப்படி விலைக்குக் கிடைப்பவற்றையே பயன்படுத்த வேண்டும்.

எச்சரிக்கை!

பிக்சர் டியூபில் 20,000 வோல்ட் அளவுக்கு மின் அழுத்தம் இருக்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான்! பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும். ஆகவே பழைய டி.வி.யையோ, இத்தகைய பெட்டியையோ நீங்கள் ஒருபோதும் திறக்கக் கூடாது. அது பயிற்சி பெற்ற பெரியவர்களின் வேலை.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் ஓடாத சுவர்க்கடிகாரம் இருந்தால், அப்பாவையோ அம்மாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பேட்டரியை எடுத்துவிட்டுப் பாருங்கள். பேட்டரி தொடும் தகட்டில் துரு ஏறியிருக்கிறதா? கழற்றுவதாக இருந்தால், எது எங்கே இருந்தது என்று முதலில் ஒரு தாளில் படம் வரையுங்கள். பழுது பார்ப்பவர்கள் எல்லோருக்கும் அந்தத் தாள்தான் பெரிய துணை!