பேச்சும் எழுத்தும் – 11: புள்ளி முன்னே வரும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் டீக்கடைகளில் ஒடியாவும் இந்தியும் தமிழும் கலந்து புழங்குவதைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் ஆவடி வழியாகப் பூந்தமல்லிக்குப் போகிறோம். பேச்சை ஓரம் வைத்துவிட்டு எழுத்துக்கு வருகிறோம்.

பூந்தமல்லி என்றதும் டிரங்க் ரோட்டு நெரிசலும் மெட்ரோ தூண்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் தமிழ் எழுத்தைக் கற்பிப்பதில் ஆர்வமுள்ளவர்களுக்கு இந்த ஊரில் வேறு விஷயம் இருக்கிறது. அரசு பார்வையற்றோர் பள்ளி இங்கேதான். டேராடூனில் தலைமையகம் கொண்ட மத்திய அரசின் பார்வைக் குறைபாடுடையோர் நிறுவனத்துக்கு மண்டல மையமும் இங்கே உண்டு. பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல் அச்சிடும் பிரெய்லி அச்சகமும் இதே ஊரில்தான். எழுத்தாளர் தேனி சீருடையான் சிறுவயதில் பார்வையை இழந்து, பூந்தமல்லிப் பள்ளியில் பிரெய்லி படித்து, பின்னாளில் சிகிச்சையால் பார்வை திரும்பப் பெற்றவர். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் அவருடைய ‘நிறங்களின் உலகம்’ நாவல். விரலாலும் கண்ணாலும் தமிழ் படித்த நாவலாசிரியர் நம்மிடையே எத்தனை பேர் இருப்பார்கள்!

பிரெய்லி பற்றி நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஆறு புள்ளிகள், பிரெஞ்சுக்காரர் லூயி பிரெய்லி, தடித்த தாள். தமிழ் பிரெய்லி தமிழை எப்படி எழுதுகிறது என்று கேட்டால் தமிழ் எம்.ஏ. படித்தவர்கூட விழிப்பார். எழுதும் முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால், இது தமிழ் எழுத்திலக்கணத்தைப் பிரித்துக் காட்டும் ஒரு முறை என்பது விளங்கும்.

இரண்டு பத்தியாக, பத்திக்கு மூன்று புள்ளி. இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. இதுதான் ஒரு கட்டம். புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்தால் 63 வடிவங்கள் கிடைக்கும். 247 தமிழ் எழுத்தை இதற்குள் எப்படி அடைப்பது? அடைக்கவே வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, அதோடு மெய்யின் தலையில் வைக்கும் புள்ளிக்கு ஒரு குறி. கிரந்த எழுத்துகளுக்குத் தனி வடிவம் உண்டு. உயிர்மெய் 216க்கும் தனி வடிவம் கிடையாது. ‘கி’ என்பது க, அதன் பின் இ. ‘கொ’ என்பது க, அதன் பின் ஒ. கொம்பு, கால், சுழி, கொக்கி எதுவும் இல்லை. பள்ளியில் கு, சு, டு, ணு, து என்று ஒவ்வொரு வளைவையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தது நினைவிருக்கிறதா? பூந்தமல்லிப் பிள்ளைகளுக்கு அந்தத் தலைவலி கிடையாது. 1935இல் பெரியார் கையாளத் தொடங்கி, 1978இல் தமிழக அரசு ஆணையாக்கிய எழுத்துச் சீர்திருத்தம் பிரெய்லி வாசகர்களுக்குத் தேவையே படவில்லை. னை, லை, ணா, றா பற்றி மற்றவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அவர்கள் ன-வும் ஐ-யும் அடுத்தடுத்து வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இதில் இரண்டு கேள்விகள் எழும். க-வுக்குப் பின் இ வந்தால் அது ‘கி’யா, இல்லை ‘க’ தனி, ‘இ’ தனியா? இந்தியில் இந்தச் சிக்கல் உண்மையாகவே உண்டு. ‘பல’ என்ற பொருளில் அவர்கள் ‘கஈ’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், ‘கீ’யும் உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்ட ‘கஈ’யின் நடுவே ஓர் ‘அ’வைச் செருக வேண்டியிருக்கிறது. தமிழுக்கு அந்தக் கவலை கிட்டத்தட்ட இல்லை. இங்கே சொல்லின் நடுவில் உயிரும் உயிரும் மோதாது. மோத வந்தால் ய்-யோ வ்-வோ உடம்படுமெய்யாக இடையில் வந்து நிற்கும். நன்னூல் வகுப்பில் தூக்கம் வரவழைத்த அந்த விதிதான் பிரெய்லி குழப்பமில்லாமல் ஓடக் காரணம். விதிக்கு வெளியே நிற்பது அளபெடை. சங்கப் பாடல்களில் குருவியைக் குறிக்கும் ‘குரீஇ’யை எடுத்துக்கொள்வோம்: க, உ, ர, ஈ, இ. ர-வுக்கு ஈ ஒட்டிவிட்டதால் அடுத்து வரும் இ அளபெடையாகத்தான் இருக்க முடியும். சந்தேகத்துக்கே இடமில்லை.

இரண்டாவது கேள்வி, மெய்யெழுத்து. அச்சில் புள்ளி தலைக்கு மேல் இருக்கும். கணினியில் தட்டும்போது எழுத்துக்குப் பின்னால் வரும். பிரெய்லியில் முன்னால் வருகிறது. ‘மரம்’ என்று எழுத நான்கு கட்டம் வேண்டும்: ம, ர, பிறகு 4ஆம் புள்ளி மட்டும் உள்ள கட்டம், பிறகு ம. அந்த ஒற்றைப் புள்ளி, வரப்போகும் எழுத்தில் உயிர் இல்லை என்று விரலுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பின்னால் வைத்திருந்தால் ‘மரம’ என்று படித்துவிட்டு, விரல் ஓரடி பின்வாங்கித் திருத்திக்கொள்ள நேரும். கண் ஒரே பார்வையில் சொல்லை அள்ளிவிடும்; விரல் கட்டம் கட்டமாகத்தான் போகும் என்பதை யோசித்துச் செய்த ஏற்பாடு.

இதற்கு விலையும் உண்டு. ‘கற்றுக்கொள்கிறார்கள்’ அச்சில் 11 எழுத்து. பிரெய்லியில் 20 கட்டம். ஆங்கில பிரெய்லியில் அடிக்கடி வரும் சொற்களுக்குச் சுருக்கம் உண்டு. நம் பள்ளித் தமிழில் முழுதாக எழுதுவதே வழக்கம். கையடக்கமான அச்சுப் பாடநூல் பிரெய்லியில் பல தொகுதிகளாகப் பெருத்துவிடுவதற்குத் தாளின் தடிமன் மட்டும் காரணமில்லை.

கற்பிப்பவருக்கு வரும் தொல்லை வேறு மாதிரியானது. ல என்பது இடப்பக்க மூன்று புள்ளிகள், ள என்பது வலப்பக்க மூன்று. ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். போதாக்குறைக்கு, சிலேட்டில் தாளைச் சொருகி ஸ்டைலஸால் குத்தும்போது வலமிருந்து இடமாக எழுத வேண்டும்; தாளைத் திருப்பினால்தான் மேடு படிக்கக் கிடைக்கும். ஆகவே ல-வைப் படிக்கும்போது இடப்பக்கம், எழுதும்போது வலப்பக்கம். பல்லி பள்ளியாவதும் பள்ளி பல்லியாவதும் இங்கே உச்சரிப்புக் கோளாறால் மட்டும் நடப்பதில்லை.

இந்த அமைப்பு ஒரே நாளில் வந்ததல்ல. இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளி 1887இல் அமிர்தசரஸில் தொடங்கியது. தமிழ்நாட்டில் பாளையங்கோட்டையில் 1890இல் ஆஸ்குவித் அம்மையார் தொடங்கினார். ஒவ்வொரு மிஷனரியும் ஒரு முறையை வகுக்க, ஒரு பள்ளியில் அச்சிட்ட புத்தகத்தை இன்னொரு பள்ளியில் படிக்க முடியாத நிலை. விடுதலைக்குப் பிறகு, பொதுவான ஒரு முறை வேண்டி இந்திய அரசு யுனெஸ்கோவை நாடியது. அங்கே இந்த வேலையை முன்னின்று நடத்தியவர் நியூசிலாந்துக்காரர் கிளூத்தா மெக்கன்ஸி. 1915இல் கலிப்போலிப் போரில் பார்வை இழந்தவர். 1950இல் பாரிஸிலும் 1951இல் பெய்ரூட்டிலும் கூடிப் பேசினார்கள். இந்திய ஒலி வரிசைப்படி புதிதாகப் புள்ளிகளை அடுக்குவதா, லூயி பிரெய்லி ரோமன் எழுத்துகளுக்குக் கொடுத்த புள்ளிகளையே ஒலி பார்த்துப் பொருத்துவதா என்பதுதான் வழக்கு. இரண்டாவது கட்சி வென்றது. அதுவே 1951இல் வந்த பாரதி பிரெய்லி. ஆங்கில எம்-க்கு உள்ள புள்ளிகளே ம-வுக்கு, எல்-லுக்கு உள்ளவை ல-வுக்கு. தமிழ் படித்த குழந்தை ஆங்கிலத்துக்குப் போகும்போது பாதி எழுத்து ஏற்கெனவே பழக்கமானதாக இருக்கும். பார்வையுள்ள நம் பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

இலக்கியம் படிப்பவர்களுக்கு வருகிறேன். யாப்பு வகுப்பில் முதல் வேலை அசை பிரிப்பது. குறில் எது, நெடில் எது, ஒற்று எது என்று கண்டுபிடித்தாக வேண்டும். அச்சில் அது வடிவங்களுக்குள் ஒளிந்திருக்கிறது. கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் பார்த்துக் கூட்டிச் சேர்க்க வேண்டும். பிரெய்லியில் அகரம் தவிர ஒவ்வோர் உயிரும் தனிக் கட்டத்தில் நிற்கிறது. ஒவ்வோர் ஒற்றுக்கும் முன்னால் 4ஆம் புள்ளி. வரியின் மேல் விரல் ஓடும்போதே நேரும் நிரையும் அகப்பட்டுவிடும். யாப்பிலக்கணம் நடத்தும் கல்லூரிகளில், பார்வையுள்ள மாணவர்களுக்கும் ஒரு செய்யுளைப் பிரெய்லி முறையில் எழுதிக் காட்டலாம் என்பது என் யோசனை. கரும்பலகையில் அலகிட்டு வாய்பாடு ஒப்பிக்கச் சொல்வதைவிட இது வேகமாகப் புரியும்.

இனி, எல்லோரும் கேட்கும் கேள்வி: கைபேசியே வாசித்துக் காட்டும்போது பிரெய்லி எதற்கு? உண்மைதான், கணினியிலும் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளான, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது, தமிழும் பேசுகிறது. தமிழுக்கென ஒரு சிக்கல் அதற்கு உண்டு. கடல், தங்கம், அகம் மூன்றிலும் ஒரே க, மூன்று ஒலி. 1856லேயே கால்டுவெல் எழுதிவைத்த விஷயம் இது. இடம் பார்த்து ஒலி மாறுவதால் மென்பொருளுக்கும் விதி எழுதிக் கொடுத்துவிடலாம். எழுத்திலிருந்து ஒலிக்குப் போவது கஷ்டமில்லை; ஒலியிலிருந்து எழுத்துக்குத் திரும்புவதில்தான் வழி அடைபடுகிறது. ந-வும் ன-வும் இன்று காதுக்கு ஒன்றுதான். ர, ற பெரும்பாலானவர்கள் வாயில் ஒன்றாகிவிட்டன. காதால் மட்டும் தமிழ் கற்ற பிள்ளை எதை வைத்துப் பிரித்தெழுதும்? கேட்பதை வாசிப்பென்று சொல்லி மதிப்பெண் போட்டுவிடலாம், எழுதச் சொன்னால் குட்டு உடைந்துவிடும்.

இதே வழக்கு லூயி பிரெய்லியின் காலத்திலேயே நடந்தது. சார்ல் பார்பியே என்ற ராணுவ அதிகாரி கொண்டுவந்த பன்னிரண்டு புள்ளி முறை ஒலியை மட்டும் குறித்தது. சொல்லின் எழுத்துக்கூட்டல் அதில் இல்லை. 1824இல் பதினைந்து வயது லூயி அதை ஆறு புள்ளியாகக் குறைத்தபோது, ஒலியை விட்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டார். பார்வையுள்ளவர் படிக்கும் அதே எழுத்து எங்களுக்கும் வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

மூளையும் இதை வாசிப்பாகவே எடுத்துக்கொள்கிறது. 1996இல் நொரிஹிரோ சடாட்டோவும் குழுவினரும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெய்லி படிக்கும்போது மூளையின் பின்பகுதியில் உள்ள பார்வைப் புறணி இயங்குவது தெரிந்தது. 2000இல் இன்னொரு செய்தி வந்தது. பிறவியிலேயே பார்வையற்ற, பிரெய்லியில் மிகத் தேர்ந்த ஒரு பெண்ணுக்குப் பக்கவாதம் வந்து அதே பின்பகுதி இருபுறமும் பாதிக்கப்பட்டது. விரலில் உணர்ச்சி குறையவில்லை. புள்ளி இருப்பது தெரிந்தது. எழுத்து மட்டும் தெரியவில்லை.

ஒருங்கிணைந்த கல்வி வந்த பிறகு, பார்வையற்ற பிள்ளைகள் பலர் தனிப்பள்ளிக்குப் போகாமல் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியிலேயே சேர்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பிரெய்லி தெரிந்த சிறப்பாசிரியர் ஒருவரே பல பள்ளிகளுக்கு ஓட வேண்டியிருக்கிறது. தினமும் விரல் தேயப் பழக வேண்டிய எழுத்து, ஆசிரியர் வரும் நாளுக்குக் காத்துக் கிடக்கிறது; இடைப்பட்ட நாள்களைக் கைபேசி நிரப்பிவிடுகிறது. தமிழ் வகுப்பாசிரியரே பாரதி பிரெய்லியின் இந்த முப்பத்துச் சொச்சம் வடிவங்களைக் கற்றுக்கொண்டால் என்ன? வகுப்பாசிரியர் கண்ணாலேயே படிக்கலாம்; விரல் பழக்கம்கூடத் தேவையில்லை. பி.எட். பாடத்திட்டத்தில் ஒரு வாரம் போதும்.

கணினி இந்த வேலையை எளிதாக்கியிருக்கிறது. பழைய எழுத்துருக்களில் ‘கெ’ என்று தட்ட முதலில் கொம்பு, பிறகு க. யூனிகோடு வந்தபோது மெய்க்குப் பின்னால்தான் உயிர்க்குறி என்று வரிசை மாறியது. 2010இல் தமிழக அரசும் அதை ஏற்றது. பாரதி பிரெய்லி 1951லேயே அந்த வரிசையில்தான் இருந்தது. அதனால் யூனிகோடில் உள்ள தமிழ்க் கோப்பை பிரெய்லியாக மாற்ற மென்பொருளுக்கு முக்கியமாக ஒரே மாற்றம்தான் வேண்டும்: புள்ளியைத் தூக்கி எழுத்துக்கு முன்னால் வைப்பது. பழைய எழுத்துருவில் கிடக்கும் நாவல்களையும் ஆய்வேடுகளையும் பதிப்பகங்களும் பல்கலைக்கழகங்களும் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தாலே பூந்தமல்லியின் வேலை பாதி முடிந்துவிடும்.

(அடுத்த வாரம்: ஆவடி ராணுவக் குடியிருப்புப் பிள்ளைகளின் மூன்று மொழிகள்)