‘வாய்ப்பு உண்டு’ என்றால் எவ்வளவு?

உளவுத்துறை ஆய்வாளர் என்றதும் மாறுவேடமும் துப்பாக்கியும் நினைவுக்கு வரும். உண்மையில் அவர் மேசை முன் அமர்ந்து, பிறர் திரட்டிய துண்டுத் தகவல்களைப் படித்து, அடுத்து என்ன நடக்கலாம் என்று எழுதித் தருபவர். அவருடைய கருவி சொல்தான். அந்தச் சொல் மங்கலாக இருந்தால் உழைப்பெல்லாம் வீண். 1951-ல் யூகோஸ்லாவியா மீது சோவியத் அணி படையெடுக்குமா என்று ஆராய்ந்த அமெரிக்க அறிக்கை, அதற்குக் ‘கணிசமான வாய்ப்பு’ உண்டு என்றது. அப்படியென்றால் எவ்வளவு என்று வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர் கேட்க, அறிக்கைப் பணியில் இருந்த ஷெர்மன் கென்ட், நூற்றுக்கு 65 என்றார். அதிகாரி திடுக்கிட்டார், அவர் புரிந்துகொண்டது அதைவிட மிகக் குறைவு. கென்ட் தன் சகாக்களிடமே விசாரித்தார். ஒருவர் மனத்தில் 20, இன்னொருவர் மனத்தில் 80! ஒரே வாக்கியத்துக்குத்தான் அத்தனை பேரும் தலையாட்டியிருந்தார்கள்.

எதிரியின் மனத்தை எண்ணால் அளக்க முடியுமா, அது போலித் துல்லியம் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் எண்ணை எழுதாமல் விட்டால் ஐயம் மறைந்துவிடாது. படிப்பவர் தமக்குப் பிடித்த எண்ணை அங்கே நிரப்பிக்கொள்வார். துல்லியமான ஒற்றை எண்ணும் தேவையில்லை, ஒரு வரம்பு போதும். அமெரிக்க உளவு அமைப்புகளுக்கான 2015-ஆம் ஆண்டு விதிமுறையில், ‘நடக்கக்கூடும்’ என்ற சொல்லுக்கு 55 முதல் 80 சதவீதம் என்றே வரையறுத்திருக்கிறார்கள்.