நாற்பது வயதில் மோட்டார் சைக்கிள் ஆசை!

ஓட்டும் இன்பம் ஒருவருக்கு. விழுந்தால் துன்பம் வீட்டுக்கே!

சங்கரன்கோவில், தறிச் சத்தம் கேட்கும் ஊர். கோமதி அம்மனின் ஆடித்தபசுக்குப் பெயர் பெற்ற ஊர். பூ வியாபாரத்துக்கும் பெயர் போன ஊர்.

இந்த ஊரில் எந்தத் தெருவுக்குப் போனாலும், வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. நம்பர் பலகையில் "டி.என். 79" என்று இருக்கும். அதுதான் சங்கரன்கோவில் வட்டாரத்தின் எண்.

வாலிபர்கள் வண்டி ஓட்டுவது புதுமை அல்ல. ஆனால் 35 வயதிலும் 40 வயதிலும், தலையில் நரை எட்டிப் பார்க்கும் நேரத்தில், முதன்முதலாக வண்டியில் ஏறுகிறவர்களும் உண்டு.

யார் அவர்கள்? இத்தனை காலம் சைக்கிளையும் பஸ்சையும் நம்பி இருந்த தறிக்காரர். கடனை அடைத்துவிட்டு, இப்போதுதான் கையில் நாலு காசு பார்க்கும் வியாபாரி. கணவர் வெளியூரில் வேலை பார்க்க, பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடவேண்டிய தாய்.

அவர்களுடைய ஆசை தவறா? தவறே இல்லை. ஆனால் ஒரு தட்டில் ஆசையையும், மறு தட்டில் ஆபத்தையும் வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும்.

அது ஒரு தனி இன்பம்

மோட்டார் சைக்கிளில் போவது ஒரு தனி இன்பம்தான். பஸ்சுக்குக் காத்திருக்க வேண்டாம். நினைத்த நேரத்தில் புறப்படலாம். புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி வழியாகக் குற்றாலத்துக்குப் போகிறவர், மலையைப் பார்த்துக்கொண்டே போகலாம். முகத்தில் காற்று அடிக்கும். மனதில் இருக்கும் கவலை கொஞ்ச நேரம் இறங்கி நிற்கும்.

ஒரு காலத்தில் இந்த இன்பம் சிலருக்குத்தான் கிடைத்தது. 1955-ல் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி ஏற்பட்டது. திருவொற்றியூரில் "புல்லட்" வண்டிகள் தயாராயின. போலீசும், ராணுவமும், வசதி படைத்தவர்களும் அவற்றை ஓட்டினார்கள்.

1980-ல் ஓசூரில் இருந்து "டி.வி.எஸ். 50" வந்தது. இரண்டு பேர் போகக்கூடிய சின்ன வண்டி. பால்காரரும், ஜவுளி மூட்டை கட்டுகிறவரும் அதில் ஏறினார்கள். மோட்டார் வண்டி ஏழை வீட்டு வாசலுக்கும் வந்தது.

எழுத்தோடு சைக்கிளும்!

வயது வந்தபின் வண்டி கற்க முடியுமா? "முடியும்" என்று தமிழ்நாட்டுப் பெண்களே காட்டிவிட்டார்கள்.

1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். கேலி செய்தவர்கள் வாய் அடைத்துப் போனார்கள்.

2018 பிப்ரவரி 24-ந் தேதி, வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்கத் தமிழக அரசு மானியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. விலையில் பாதி, அல்லது 25 ஆயிரம் ரூபாய் மானியம். 18 வயது முதல் 40 வயது வரை உள்ளவர்கள் மனுச் செய்யலாம் என்று அறிவித்தார்கள். வண்டி ஓட்டும் லைசென்ஸ் கேட்டதால், லைசென்ஸ் ஆபீசுகளில் பெண்கள் கூட்டம் கூடியது. அதுவரை பின்னால் உட்கார்ந்தே போனவர்கள், முன்னால் உட்கார்ந்தார்கள்!

ஆகவே, வயது ஒரு தடை அல்ல. தடை வேறு இடத்தில் இருக்கிறது.

போரில் பிழைத்தார், சாலையில் மடிந்தார்

"அரேபியாவின் லாரன்ஸ்" என்று உலகப் புகழ் பெற்ற ஆங்கிலேயர் ஒருவர் இருந்தார். முதல் உலகப் போரில், அரபு வீரர்களோடு சேர்ந்து பாலைவனத்தில் போரிட்டவர். குண்டுகளுக்குத் தப்பியவர்.

அவருக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். 30 வயதைத் தாண்டிய பிறகு, "பிரப் சுப்பீரியர்" என்ற விலை உயர்ந்த வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கினார். வேகம் அவருக்கு ஒரு போதை.

1935 மே 13-ந் தேதி. இங்கிலாந்தில் டார்செட் பகுதியில், தபால் ஆபீசுக்குப் போய்விட்டு வீடு திரும்பினார். சாலையில் ஒரு பள்ளம். அதற்கு அப்பால் வருவது தெரியாது. திடீரென்று சைக்கிளில் இரண்டு சிறுவர்கள்! அவர்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பினார். தூக்கி எறியப்பட்டார். தலையில் பலத்த அடி. தலைக்கவசம் இல்லை.

ஆறு நாள் நினைவு இல்லாமல் கிடந்து, மே 19-ந் தேதி இறந்தார். வயது 46.

டாக்டர் கற்ற பாடம்

அவருக்குச் சிகிச்சை செய்தவர்களில் ஒருவர் மூளை அறுவை டாக்டர் கெய்ர்ன்ஸ். லாரன்சின் சாவு அவர் மனதை உறுத்தியது. "தலையைக் காத்திருந்தால்?" என்று எண்ணினார்.

மோட்டார் சைக்கிளில் விழுந்து மாண்டவர்களின் கணக்கைத் திரட்டினார். 1941-ல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். தலைக்காயம்தான் பெரிய எமன் என்று காட்டினார். அந்த ஆண்டிலேயே பிரிட்டிஷ் ராணுவத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம் ஆயிற்று. 1973-ல் அந்த நாட்டின் எல்லா மக்களுக்கும் சட்டம் வந்தது.

பல நாடுகளில் நடந்த 61 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த முடிவு 2008-ல் வெளிவந்தது. ஹெல்மெட் அணிந்தால் சாகும் ஆபத்து 42 சதவிகிதம் குறைகிறது. தலையில் அடிபடும் ஆபத்து 69 சதவிகிதம் குறைகிறது.

குறைகிறது என்றுதான் சொல்லலாம். ஒழிந்துவிடும் என்று சொல்ல முடியாது. கையும் காலும் திறந்துதான் இருக்கின்றன.

நெஞ்சை உலுக்கும் கணக்கு

2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். இவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள்.

ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் மட்டும் 50 ஆயிரத்து 29 பேர். அதில் 14 ஆயிரம் பேருக்கு மேல் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்!

இந்தக் கடைசிக் கணக்கை எல்லாக் குடும்பங்களும் கவனிக்க வேண்டும். ஓட்டுகிறவருக்கு இன்பம் உண்டு. பின்னால் இருப்பவர் வேகத்தைக் கேட்கவில்லை. பிரேக்கும் அவர் கையில் இல்லை. ஆனால் விழும்போது அவரும் சேர்ந்தே விழுகிறார்.

ஓட்டியவர் படுக்கையில் கிடந்தால், அன்றைய கூலி நின்றுவிடும். பிள்ளையின் படிப்பு நிற்கும். மனைவியின் காதில் உள்ள தோடு அடகுக் கடைக்குப் போகும். ஆகவே, மோட்டார் சைக்கிள் ஆசை ஓட்டுகிறவரின் சொந்த விஷயம் அல்ல. அது குடும்ப விஷயம்.

வயது ஒரு நன்மையும் தரும்

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் ஹரி ஹர்ட் என்ற பேராசிரியர், 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார். 1981-ல் முடிவை வெளியிட்டார்.

16 முதல் 24 வயதுக்காரர்கள் விபத்தில் அதிகமாகச் சிக்கினார்கள். 30 முதல் 50 வயதுக்காரர்கள் குறைவாகவே சிக்கினார்கள். வயது வந்தவருக்கு நிதானம் இருக்கிறது.

ஆனால் இன்னொன்றையும் அவர் கண்டார். விபத்தில் சிக்கியவர்களில் பாதிப் பேருக்கு மேல், அந்த வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகாதவர்கள். நூற்றுக்கு 92 பேர் தாமாகவோ, நண்பர் அல்லது உறவினரிடமோ கற்றவர்கள்.

ஆக, ஆபத்தான காலம் முதல் சில மாதங்கள். புது வண்டி வந்த உடனே குற்றாலத்துக்குக் கிளம்புகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

முறையாகக் கற்பது எப்படி?

முதலில் எல்.எல்.ஆர். என்னும் பழகுநர் லைசென்ஸ் வாங்க வேண்டும். 40 வயதைத் தாண்டியவர் டாக்டர் சான்றிதழும் கொடுக்க வேண்டும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்து ஓட்டிக் காட்டலாம். அதுவரை, கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. மனைவி மக்களையும்தான்!

ஆள் நடமாட்டம் இல்லாத மைதானத்தில் பழக வேண்டும். வண்டியைக் கிளப்புவதைவிட, நிறுத்துவதையே அதிகமாகப் பழக வேண்டும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு வினாடியில் சுமார் 17 மீட்டர் போய்விடும். நாய் குறுக்கே வருவதைக் கண்டு, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் அந்த ஒரு வினாடி ஓடிவிடும். பிறகுதான் வேகம் குறையவே தொடங்கும். வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நாலு மடங்கு ஆகும்.

முன் பிரேக்கைத் தொடவே பயப்படுகிறவர்கள் உண்டு. பிரேக் பிடித்ததும் வண்டியின் கனம் முன்பக்கம் சாய்கிறது. ஆகவே, நிறுத்தும் சக்தி முன் பிரேக்குக்குத்தான் அதிகம். ஆனால் வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் சறுக்கிவிடும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, படிப்படியாக அழுத்த வேண்டும்.

நம் சாலைகளுக்கென்று சில ஆபத்துகள் உண்டு. சாலையில் காயப் போட்ட தானியம் சக்கரத்தைச் சறுக்கிவிடும். மாலையில் ஆடு மாடுகள் வீடு திரும்பும். ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று பக்கவாட்டில் அடித்து வண்டியைத் தள்ளும். காற்று பலமாக இருந்தால் வேகத்தைக் குறைப்பதே வழி. திருவிழா நாளில் கூட்டத்துக்குள் வண்டியை விடுவதைவிட, தள்ளி நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது.

தாய்மார்களுக்கு

சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். பின் சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. அதைக் கழற்றிவிடாதீர்கள். பின்னால் ஒருவருக்கு மேல் ஏறுவதும் சட்டப்படி குற்றம். நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றினால், அதற்கு ஏற்ற ஹெல்மெட்டும், ஓட்டுகிறவரோடு பிணைக்கும் பட்டையும் வேண்டும்; வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2022-ல் விதி வகுக்கப்பட்டது.

ஓட்டுகிற சொந்தக்காரருக்கு 15 லட்சம் ரூபாய் விபத்து இன்சூரன்ஸ் உண்டு. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அந்தப் பணம் குடும்பத்துக்குக் கிடைக்காது. கீழே விழுந்தால், "ஒன்றும் இல்லை" என்று எழுந்து போகாமல், 108-க்குச் சொல்ல வேண்டும். தலைக்குள் பட்ட அடி உடனே வெளியே தெரியாது.

வண்டி வாங்கும் முன்

ஆகவே, வண்டி வாங்கும் முடிவை ஓட்டப் போகிறவர் மட்டும் எடுக்கக் கூடாது. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும். யார் கற்றுக்கொடுப்பது? இரவில் கண் தெளிவாகத் தெரிகிறதா? முதல் ஆறு மாதம் எந்தச் சாலைக்குப் போவது, எதற்குப் போகாமல் இருப்பது? இதற்கெல்லாம் பதில் கிடைத்தால், தாராளமாக வாங்கலாம். இன்பமாக ஓட்டலாம்.

விலை பேசும்போது ஒரு கணக்கை மறக்க வேண்டாம். அந்த வண்டியில் வீட்டில் எத்தனை பேர் மாறி மாறி ஏறுவார்களோ, அத்தனை தலைக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் வேண்டும். அதையும் சேர்த்தால்தான் அது வண்டியின் முழு விலை!