ஏரிமண்ணில் எழுந்த 44 மாடி

1985 செப்டம்பர் 19, காலை 7.19 மணி. மெக்சிகோ நகரம் குலுங்கத் தொடங்கியபோது, பொறியாளர் அடோல்ஃபோ சீவார்ட் தன் அலுவலகத்தில் இருந்தார். ‘டோரே லத்தினோஅமெரிக்கானா’ என்ற கட்டடத்தின் 25ஆவது மாடி அது. ஜன்னலுக்கு வெளியே, அவர் கண்ணெதிரே கட்டடங்கள் சரிந்தன. அவர் இருந்த கட்டடமும் ஆடியது, ஆனால் விழவில்லை. அதைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர்.

அந்த இடத்தில் 44 மாடி எழுப்பியதே பெரிய துணிச்சல். மெக்சிகோ நகரின் பழைய பகுதி, டெஸ்கோகோ ஏரி இருந்த இடம். அஸ்டெக் மக்கள் ஏரிக்குள் இருந்த தீவில் தங்கள் தலைநகரை அமைத்தார்கள். ஸ்பானியர்கள் வந்த பிறகு ஏரி சிறிது சிறிதாக வடிக்கப்பட்டது. நீர்ப்பரப்பு மறைந்துவிட்டது, அடியிலிருந்த களிமண் அப்படியே இருக்கிறது. எரிமலைச் சாம்பலும் கலந்து படிந்த மண் அது. காய்ந்த நிலையில் ஒரு கிலோ எடையுள்ள மண், பல இடங்களில் மூன்று கிலோவுக்கும் மேல் தண்ணீரைத் தன்னுள் வைத்திருக்கிறது. பாரம் ஏற்றினால் தண்ணீர் பிதுங்கி வெளியேறும், மண் அமுங்கும். குடிநீருக்காக நிலத்தடி நீரை உறிஞ்சினாலும் இதே கதிதான். நீர் உறிஞ்சுவதற்கும் நகரம் இறங்குவதற்கும் உள்ள தொடர்பை நாபோர் காரியோ என்ற பொறியாளர் 1940களில் கணக்கிட்டு நிறுவினார்.

இறக்கத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1910இல் திறக்கப்பட்ட சுதந்திரத் தூணைச் சுற்றிய சாலை தாழ்ந்துகொண்டே போனதால், தூணின் அடியில் 14 படிகளைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. ‘பெல்லாஸ் ஆர்ட்டெஸ்’ என்ற பளிங்குக் கலை மாளிகையோ தன் சொந்த எடையாலேயே மீட்டர் கணக்கில் புதைந்தது. அந்த மாளிகைக்கு எதிர்ப்புறத்தில்தான் ஒரு காப்பீட்டு நிறுவனம் தன் தலைமை அலுவலகத்தை வானுயரக் கட்ட முடிவு செய்தது.

1948இல் வேலை தொடங்கியது. கட்டடக் கலைஞர் அகுஸ்தோ அல்வாரெஸ். பொறியியல் பொறுப்பு லியோனார்டோ, அடோல்ஃபோ என்ற சீவார்ட் சகோதரர்களுடையது. லியோனார்டோ மண்ணியல் வல்லுநர். துளையிட்டு மண் மாதிரிகளை எடுத்து, எந்த அடுக்கு எவ்வளவு பாரம் தாங்கும் என்று சோதித்தார். சுமார் 33 மீட்டர் ஆழத்தில் கெட்டியான மணல் அடுக்கு இருந்தது. அந்த அடுக்கு வரை 361 காங்கிரீட் பைல்கள் (நிலத்தடித் தூண்கள்) இறக்கப்பட்டன. அவற்றின் மேல், ஆழமாகத் தோண்டிய குழியில், பெட்டி போன்ற காங்கிரீட் அடித்தளம் அமைந்தது. குழியிலிருந்து அள்ளிய மண்ணும் நீரும் எவ்வளவு கனமோ அந்த அளவுக்குக் கட்டடத்தின் பாரம் ஈடாகிவிடும். மீதியைத்தான் பைல்கள் சுமக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கு அடுத்தது. குழி தோண்டினால் அதில் ஊறும் நீரை இறைத்தே ஆக வேண்டும். இறைத்தால் சுற்றுவட்டாரத்தின் நிலத்தடி நீர் இறங்கும், அண்டைக் கட்டடங்களும் தெருவும் அமுங்கும். அதனால் குழிக்கு வெளியே மண்ணுக்குள் தண்ணீரைத் திரும்பச் செலுத்தினார்கள். தங்கள் கட்டடம் நின்றால் போதும் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. அக்கம்பக்கத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்த சவால் நிலநடுக்கம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் நேதன் நியூமார்க் இதற்கு ஆலோசகரானார். ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால், சிறு தள்ளலிலும் அது உயர எழும். கட்டடமும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒருமுறை ஆடித் திரும்ப ஒரு நேரம் உண்டு. நிலம் அதே நேரக்கணக்கில் அசைந்தால் ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். ஏரிக் களிமண் பல இடங்களில் சுமார் இரண்டு வினாடிக்கு ஒருமுறை ஆடுகிறது. எஃகுச் சட்டகத்தில் எழுந்த இந்தக் கோபுரம் ஒருமுறை ஆடித் திரும்ப மூன்றரை வினாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மண்ணின் தாளத்தில் அது சிக்கவில்லை.

1956இல் கட்டடம் திறக்கப்பட்டது. மறு ஆண்டே, 1957 ஜூலை 28 அன்று பெரிய நிலநடுக்கம் வந்தது. சுதந்திரத் தூணின் உச்சியிலிருந்த தேவதைச் சிலை கீழே விழுந்து நொறுங்கியது. கோபுரத்துக்குப் பெரிய சேதம் எதுவும் இல்லை. அசைவைப் பதிவு செய்ய உள்ளே முன்கூட்டியே கருவிகள் பொருத்தியிருந்தார்கள். அவை காட்டிய அளவுகள் தாளில் போட்ட கணக்கோடு நெருங்கி வந்தன. ஒரு பொறியாளருக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

1985இல் நடந்தது அதைவிடக் கொடிய சோதனை. நிலநடுக்கம் பிறந்தது 350 கிலோமீட்டருக்கும் அப்பால், பசிபிக் கரையில். நகரின் பாறைப் பகுதியில் அதிர்வு மிதமாகவே இருந்தது. களிமண் அதை நான்கைந்து மடங்காக்கியது. நானூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் விழுந்தன, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதிகம் அடிபட்டவை 6 முதல் 15 மாடி வரையுள்ள கட்டடங்கள். விரிசல் விட விட அவற்றின் விறைப்பு குறைந்தது, ஆட்டம் மெதுவானது. கடைசியில் மண்ணின் இரண்டு வினாடித் தாளத்தோடு அவை போய்ச் சேர்ந்துகொண்டன. ஓரிரு மாடி வீடுகள் பெரும்பாலும் தப்பின, 44 மாடிக் கோபுரமும் தப்பியது.

2017இல், அதே செப்டம்பர் 19ஆம் தேதி, 7.1 அளவிலான நிலநடுக்கம் அருகிலிருந்தே தாக்கியது. இம்முறை அதிர்வு வேகமான தாளத்தில் இருந்ததால் இன்னும் குட்டையான கட்டடங்கள் பல விழுந்தன. கோபுரம் அதையும் தாங்கியது.

மண்ணைப் படித்த பிறகே சுவரை எழுப்பியவர்களின் கட்டடம் இது. அடுக்குமாடியில் வீடு வாங்கப் போகிறவர்கள், வரைபடத்தோடு மண் பரிசோதனை அறிக்கையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.