ஆங்கிலப் பெயரடைகளின் ஒழுங்கு பிறழ்ந்த ஒப்புநிலைகள்

ஆங்கிலங் கற்கப் புகும் மாணாக்கர், சிறுமையைக் குறிக்கும் ‘ஸ்மோல்’ என்னுஞ் சொல் விகுதி பெற்று ‘ஸ்மோலர்’ என ஒப்புநிலையும், ‘ஸ்மோலெஸ்ற்’ என உயர்வுநிலையும் அடைதலை எளிதில் உணர்வர். நன்மையைக் குறிக்கும் ‘குட்’ என்பதற்குப் ‘பெற்றர்’, ‘பெஸ்ற்’ என்பனவும், தீமையைக் குறிக்கும் ‘பாட்’ என்பதற்கு ‘வேர்ஸ்’, ‘வேர்ஸ்ற்’ என்பனவும் வருதல் கண்டு திகைத்து, மனனஞ் செய்தலே வழியெனத் துணிவர். எனினும் இவ்வடிவங்கள் காரணமின்றித் தோன்றியவை அல்ல. அவற்றை மூவகைப்படுத்தலாம்.

முதலாவது, வேறுபட்ட வேர்கள் ஒரு வரிசையிற் கூடியமை. ‘பெற்றர்’, ‘பெஸ்ற்’ ஆகியன ஒரு வேரின. ‘குட்’ என்பது பிறிதொரு வேரினது. ஜெர்மன் மொழியிலும் இக்கூட்டு உண்டு. ‘வேர்ஸ்’ என்பதோ, பழைய ஆங்கிலத்தில் ‘ஈவில்’ என்னுஞ் சொல்லின் முன்னை வடிவத்துக்கு ஒப்புநிலையாய் நின்றது. பிற்காலத்துச் சொல்லாகிய ‘பாட்’ அதனிடத்தைக் கைக்கொண்டபோது, அவ்வொப்புநிலையும் அதற்கு உரிமையாயிற்று.

இரண்டாவது, உயிரொலித் திரிபு. முதுமையைக் குறிக்கும் ‘ஓல்ட்’ என்பது ‘எல்டர்’ ஆகும். பண்டு விகுதியில் நின்ற இகரவொலி, தனக்கு முன்னுள்ள உயிரைத் தன் இயல்பு நோக்கித் திரித்தமையே இதற்குக் காரணம். பின்னர்ப் பொதுவிதியைத் தழுவி ‘ஓல்டர்’ எழுந்தது. ‘எல்டர்’ பெரும்பாலும் குடும்பத்து மூப்புமுறை குறித்தலோடு அமைந்தது. அதன்பின் ‘தான்’ என்னும் ஒப்பீட்டு இடைச்சொல் வருதல் வழக்கன்று.

மூன்றாவது, இரட்டை ஒப்புநிலை. ‘நியர்’ என்பது ஆதியில் ‘நை’ என்பதன் ஒப்புநிலையே. ‘நெக்ஸ்ற்’ அதன் உயர்வுநிலை. இவ்வுறவு மறக்கப்பட்டபின், ‘நியர்’ மீண்டும் விகுதி பெற்று ‘நியரர்’ ஆயிற்று. ‘லெஸ்’ என்பதிலிருந்து ‘லெஸ்ஸர்’ பிறந்ததும் இவ்வாறே. ஷேக்ஸ்பியர் ஆண்ட ‘வேர்ஸர்’ என்பதும் இத்தகையதே. ஆயின் செவ்விய வழக்கில் அது நிலைபெறவில்லை.

தமிழிற் பெயரடை உருமாறுவதில்லை; ‘பொன்னினும் கல்வி நன்று’ என்புழி, ஐந்தாம் வேற்றுமை உருபும் உம்மையுமே ஒப்புப்பொருளைத் தருகின்றன. ஆதலின், ‘பெற்றர்’ என்னுஞ் சொல்லினுள்ளேயே ஒப்புமை அடங்கியிருத்தலை நம் மாணாக்கர் உணராது, ‘மோர் பெற்றர்’ என எழுதுதல் கூடும். அது திருத்தத்தக்க வழுவே, எள்ளத்தக்கதன்று. ஆங்கிலேயரின் முன்னோரும் அவ்வாறே ஒப்புமையின்மேல் ஒப்புமை சேர்த்தனர். அவற்றுள் வழக்கு ஏற்றது இலக்கணமாயிற்று, ஏலாதது வழுவாயிற்று.

அருகிவழங்குஞ் சொற்கள் காலப்போக்கிற் பொதுவிதிக்கு அடங்கிவிடும். நாடோறும் நாவிற் பயிலுஞ் சொற்களே தம் பழைய உருவைக் காத்து நிற்கும். எனவே, ஒழுங்கின்மை என நாம் வெறுப்பது பழைய ஒழுங்கின் எச்சமாதலும் உண்டு என்பதை உணர்ந்து கற்போமாக.