தறியோடு வந்தவர்கள், தராசோடு வந்தவர்கள்

நம் ஆரணிக்கு வெளியூர்களில் பெயர் வாங்கித் தந்தவை இரண்டு. ஒன்று பட்டு, மற்றொன்று அரிசி. இவ்விரண்டையும் நம்பித்தான் நம் மளிகைக் கடைகளின் பற்று வரவு நடக்கிறது. நெசவாளர் வீட்டுக்குக் கூலி வந்தால் நம் கல்லாவில் காசு விழும். தறி நின்றால் நம் கடன் நோட்டு தடிக்கும். ஆகவே, பட்டுத் தொழிலில் இருப்பவர்கள் யார், முடை வந்தால் அவர்கள் எங்கே போகிறார்கள் என்பதெல்லாம் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டிய தொழில் விஷயங்கள்.

வணிகர் கூட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு பேச்சு அடிபடுகிறது. 'வெளியிலிருந்து வந்தவர்கள் கடைத்தெருவைப் பிடித்துக்கொண்டார்கள்' என்பதே அது. இந்தப் பேச்சில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று பார்க்கும் முன், வந்தவர்களின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. மேற்குத் திசையிலிருந்து தமிழகம் வந்து, நம் போன்ற ஊர்களில் வேரூன்றிய இரு சமூகத்தாரை இங்கே எடுத்துக்கொள்வோம். ஒருவர், நெசவை நம்பி வந்த சௌராஷ்டிரர். மற்றவர், வட்டிக்கடையும் வியாபாரமும் நம்பி வந்த ராஜஸ்தான் மார்வாடிகள்.

வந்த வழி

சௌராஷ்டிரருக்குப் பட்டுநூல்காரர் என்ற பழைய பெயரும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் மந்தசௌர் என்ற ஊரில் கிடைத்த கல்வெட்டு ஒன்று, குஜராத்தின் லாட தேசத்திலிருந்து குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழுவைப் பற்றிச் சொல்கிறது. அவர்கள் கி.பி. 437ல் சூரியனுக்குக் கோயில் கட்டினார்கள். 473ல் அதைப் பழுது பார்த்தார்கள். அந்தக் குழுவில் சிலர் நெசவை விட்டு வில்வித்தை, சோதிடம் என்று வேறு தொழில்களுக்குப் போன செய்தியும் அதில் இருக்கிறது. சௌராஷ்டிரர் பலர் இந்தக் குழுவினரைத் தம் முன்னோராகக் கொள்கிறார்கள். தேவகிரி, விஜயநகரம் என்று தங்கித் தங்கி, 1565ல் விஜயநகரம் வீழ்ந்த பின் தெற்கே வந்தார்கள் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. மதுரையில் நாயக்க மன்னர்கள் ஆதரித்தார்கள். பிறகு சேலம், கும்பகோணம், பரமக்குடி, திண்டுக்கல் என்று நெசவு இருந்த இடமெல்லாம் பரவினார்கள். அந்த வரிசையில் நம் ஆரணியும் உண்டு.

மார்வாடிகள் வந்தது மிகவும் பிற்காலம். 19ஆம் நூற்றாண்டில்தான் அவர்கள் சென்னையில் பெருகினார்கள். 1899-1900ல் ராஜஸ்தானில் பெரும் பஞ்சம் வந்தது. விக்ரம ஆண்டு 1956ல் வந்ததால் அதைச் 'சப்பனியா' பஞ்சம் என்பார்கள். பிழைப்புத் தேடி வெளியேறியவர்கள், ஏற்கெனவே போன உறவினர் இருக்கும் ஊரைத் தேடிப் போனார்கள். சென்னையின் சௌகார்பேட்டை, வட்டித்தொழில் செய்யும் சாகுகாரர் என்ற சொல்லால் பெயர் பெற்ற பேட்டை. அங்கிருந்து ரயில் பாதையும் பஸ் பாதையும் போன ஊர்களுக்கெல்லாம் நாம் 'சேட்டுக்கடை' என்று சொல்லும் கடை வந்தது.

ஆரணிக்கு வெளியார் வருவது புதிதும் அல்ல. 17ஆம் நூற்றாண்டில் மராட்டிய ஷாஹாஜி காலத்தில் வேதாஜி பாஸ்கர பந்த் ஜாகீர் பெற்ற ஊர் இது. அவ்வளவு ஏன்? வட மாவட்டங்களில் மளிகைக் கடை நடத்தும் நாடார் பெருமக்கள் பலரும் தெற்கேயிருந்து வந்தவர்களே. கடைத்தெரு என்பதே வந்தவர்கள் கூடும் இடம்தானே!

பிழைப்பின் கணக்கு

சௌராஷ்டிரர் கொண்டுவந்தது கைத்தொழில். தொழில் தெரிந்தவனுக்கு எந்த ஊரிலும் சோறு உண்டு; அதுதான் அதன் பலம். ஆனால் கைத்தொழிலுக்கு முதல் வேண்டும். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வர வேண்டும். ஜரிகை சூரத்திலிருந்து வர வேண்டும். இவற்றை வாங்க முடிந்தவர் முதலாளி ஆனார். முடியாதவர் அவரிடம் பாவும் ஊடையும் ஜரிகையும் வாங்கி நெய்து, சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெற்றார். முன்பணம் வாங்கினால், அது தீரும்வரை வேறு முதலாளியிடம் போக முடியாது. இது சௌராஷ்டிரருக்கு மட்டும் உள்ள நிலை அல்ல; நம் செங்குந்த நெசவாளருக்கும் இதே நிலைதான். 1935ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸும் கூட்டுறவுச் சங்கங்களும் இந்தக் கட்டைத் தளர்த்த வந்தவை. அப்படியும் கட்டு முழுதாக அவிழவில்லை.

2019-20ல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில், நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்கூட வருமானம் இல்லாதவை என்று தெரிந்தது. பட்டு நெசவில் கூலி கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அதில் தார் சுற்றும் மனைவியின் உழைப்பும், பாவு பிடிக்கும் பெரியவரின் உழைப்பும் சேர்ந்தே இருக்கிறது. கூலி என்னவோ ஒரு கைக்குத்தான் வருகிறது.

மார்வாடிகள் கொண்டுவந்தது முதலும் உறவும். பணக்காரராகவே வந்தார்கள் என்று நினைப்பது தவறு. முதலில் வருபவர் பெரும்பாலும் பதினைந்து பதினாறு வயதுப் பையன். மாமாவோ பெரியப்பாவோ நடத்தும் கடையில் சாப்பாட்டுக்கு வேலை செய்வான். கணக்கு எழுதவும் நகை உரைத்துப் பார்க்கவும் ஆள் தரம் அறியவும் கற்பான். சில ஆண்டு கழித்து, பெரியவர்கள் கொஞ்சம் முதல் போட்டு, கடை இல்லாத ஊராகப் பார்த்து அனுப்புவார்கள். கல்கத்தாவில் புதிதாக வருபவர் தங்கி உண்ண 'பாசா' என்ற பொது விடுதியே வைத்திருந்தார்கள். அன்றன்றைக்குச் செலவு போக நின்றது எவ்வளவு என்று பார்க்கும் 'பர்த்தா' கணக்கு அவர்களுடைய பெரிய நிறுவனங்களில் வழக்கம்.

அந்தத் தொழிலும் இன்று பழையபடி இல்லை. 1943ஆம் ஆண்டு அடகு பிடிப்போர் சட்டம் உரிமத்தையும் ரசீதையும் கட்டாயமாக்கியது. 2003ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வங்கிகளும் நகைக்கடன் கம்பெனிகளும் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. எனவே அடுத்த தலைமுறையினர் பலர் மின்சாதனம், ஜவுளி, பிளாஸ்டிக், செல்போன் உதிரி என்று மாறிக்கொண்டார்கள். மாறிக்கொள்ள முடிந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. நெசவாளருக்குத் தறியை விற்றால் கிடைப்பது விறகு விலை. கடைக்காரர் சரக்கை மாற்றினால் கடை அப்படியே இருக்கும்.

ஒரு விலை, இரண்டு விளைவு

தங்கம், வெள்ளி விலை ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடகுக் கடையில் பெட்டியில் இருக்கும் நகையின் மதிப்பு கூடும்; கொடுத்த கடனுக்கு பந்தோபஸ்து கூடும். அதே வாரம் ஜரிகை விலை ஏறும். சேலை விலை ஏறும். வாங்குபவர் தயங்குவார். முதலாளி அடுத்த பாவு கொடுக்கத் தாமதிப்பார். தறி நிற்கும். ஒரே விலை ஏற்றம் ஒருவருக்கு அரணாகவும், மற்றவருக்குப் பட்டினியாகவும் ஆகிறது.

இதில் நாம் எங்கே நிற்கிறோம்? நடுவில்! தறி நின்ற வீட்டுக்கு அரிசியும் எண்ணெயும் கடனாகப் போகிறது. முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும், தெருவில் பாவு நீட்ட முடியாமல் குழித்தறியில் ஈரம் ஏறும் மழைக்காலத்திலும் இந்தக் கடன் நீளும். மண்டிக்காரர் நமக்குத் தவணை நீட்ட மாட்டார். அப்போது நம்மில் பலர் என்ன செய்கிறோம்? வீட்டு நகையை எடுத்துக்கொண்டு அதே அடகுக் கடைக்குப் போகிறோம். நெசவாளருக்கு நாம் கொடுத்த கடனுக்கு வட்டி கிடையாது. அதற்காக நாம் வாங்கிய கடனுக்கு வட்டி உண்டு. மாதக் கடைசியில் 'வியாபாரம் நடக்கிறது, கையில் காசு நிற்கவில்லை' என்று நாம் சொல்வதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சமூக நிலை

சௌராஷ்டிரர் தெருத் தெருவாகக் குடியேறினார்கள், பலராக வாழ்ந்தார்கள். 1705ல் ராணி மங்கம்மாள் அவர்களுடைய சமயச் சடங்குரிமையை ஏற்றுச் சாசனம் கொடுத்தார். 1895ல் மதுரையில் சௌராஷ்டிர சபை தோன்றியது. 1967ல் கல்லூரி கண்டார்கள். 'மதுரை காந்தி' என்று போற்றப்பட்ட என்.எம்.ஆர். சுப்பராமன் இச்சமூகத்தவர். நம் எல்லோருக்கும் தெரிந்த டி.எம். சௌந்தரராஜனும் இச்சமூகத்தவரே. வீட்டில் சௌராஷ்டிர மொழி, வெளியில் தமிழ் என்று வாழ்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் அம்மொழி பேசுவோர் ஏறத்தாழ 2.5 லட்சம். பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் உண்டு. வாக்கு பலம் உண்டு. இருந்தும் ஒரே தெருவில் பெரிய ஜவுளி முதலாளியும் அன்றாடக் கூலியும் அடுத்தடுத்த வீட்டில் இருப்பதைக் காணலாம். சபையும் கல்லூரியும் மதிப்பை உயர்த்தின. கூலித்தறியை ஒழிக்க அவை போதவில்லை.

மார்வாடிகள் ஊருக்குச் சில குடும்பங்கள் என்று சிதறி வாழ்பவர்கள். வாக்கு பலம் இல்லை. பெண் எடுப்பதும் கொடுப்பதும் நெடுங்காலம் சொந்த நாட்டோடுதான். சென்னை மீனம்பாக்கத்தில் 1952ல் ஜைனக் கல்லூரி நிறுவியது போன்ற பெரிய அறப்பணிகள் உண்டு. ஆனால் சிற்றூரில் அவர்களுக்குப் பாதுகாப்பு, ஊராரின் நல்லெண்ணம் ஒன்றே. மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் தமிழில் பேசி, தமிழில் ரசீது எழுதினாலும், 'வடநாட்டான்' என்ற சொல் சட்டென்று வந்து விழுகிறது. பொருளில் உறுதி, உறவில் தனிமை என்பது அவர்கள் நிலை. உறவில் உறுதி, பொருளில் தளர்ச்சி என்பது நெசவுச் சௌராஷ்டிரர் பலரின் நிலை.

வட்டித்தொழில் செய்த வெளியாரின் நிலை எப்படி முடியக்கூடும் என்பதற்கு நம்மவர் கதையே சாட்சி. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் நகரத்தார் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். நெல் விலை வீழ்ந்து கடன் திரும்பாமல் நிலமாக வந்ததில், 1938ல் அது 25 சதவீதம் ஆனது. அவர்கள் விரும்பிச் சேர்த்த நிலம் அல்ல. ஆனாலும் பர்மியரின் வெறுப்பு அவர்கள் மேல் விழுந்தது. 1942ல் போருக்கு அஞ்சிக் கால்நடையாகத் திரும்பியவர்களில் தமிழர் ஏராளம். 1962க்குப் பின் வந்த ராணுவ ஆட்சி இருந்ததையும் எடுத்துக்கொண்டது. 'வெளியார் போ' என்ற கூச்சலின் மறுமுனையில் நாமும் ஒரு காலத்தில் நின்றிருக்கிறோம்.

நாம் செய்ய வேண்டியது

இவ்விரு சமூகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. வந்த திசையோ பேசும் மொழியோ ஒருவரை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. முடை வந்த நாளில் குறைந்த வட்டிக்கோ வட்டி இல்லாமலோ பணம் கொடுக்கத் தம்மவர் இருந்தார்களா, பிள்ளைக்கு இன்னொரு வழி இருந்ததா என்ற இரண்டும்தான் நிலையைத் தீர்மானித்திருக்கின்றன. நாடார் சமூகம் மகமை சேர்த்து, 1921ல் தூத்துக்குடியில் வங்கியே கண்டதும் இதே பாடம்தான்.

ஆகவே நம் சங்கத்தார் மூன்று காரியங்களைச் சிந்திக்க வேண்டுகிறோம். முதலாவது, நெசவு மந்தமாகும் மாதங்களுக்கென்று உறுப்பினரிடம் சிறு தொகை சேர்த்துப் பொது நிதி வைக்க வேண்டும். மண்டித் தவணைக்காக மளிகைக்காரர் நகையோடு நடக்கும் நிலை அதனால் குறையும். இரண்டாவது, கடன் கொடுப்பதில் கணக்கு வேண்டும். எந்தத் தெருவில் தறி ஓடுகிறது, எங்கே பாவு வரவில்லை என்பதை அறிந்து, தறி ஓடும் மாதத்தில் பழைய பாக்கியைச் சிறுகச் சிறுகக் கழிக்கும் தவணையை வாடிக்கையாளரோடு பேசி வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, நம் பிள்ளைகளை விடுமுறை நாட்களிலாவது கடையில் உட்கார வைக்க வேண்டும். சம்பளத்துக்குப் போகட்டும், தவறில்லை; தொழில் தெரியாமல் போக வேண்டாம்.

வெளியிலிருந்து வந்தவரிடம் நாம் கேட்க வேண்டியது உரிமம், ரசீது, சரியான எடை, ஒழுங்கான வரி. இவற்றை உள்ளூர்க்காரரிடமும் கேட்போம். அதற்கு மேல் கேட்க நமக்கு உரிமையும் இல்லை, தேவையும் இல்லை. தறி ஓடினால்தான் தராசு ஆடும். அந்தத் தறியில் யார் உட்கார்ந்திருந்தாலும், ஆடி மாதத்தில் அவர் வீட்டு அடுப்பு எரிவது நம் கடையின் நலனும் கூட.