ஒரு படம், 360 கதைகள்

படம் ஒன்றைக் காட்டி, அதற்குக் கதை எழுதுமாறு வாசகரை அழைப்பது தமிழ் இதழ்களுக்குப் புதிதன்று. ஆனால், அறிவியல் புனைகதைக்குப் புதிய எழுத்தாளர்களைத் தேடி நடந்த ஆரம்பகாலப் போட்டிகளுள் ஒன்றும் இத்தகையதே என்பதும், அதனை நடத்தியவர் ஐரோப்பாவிலிருந்து புலம்பெயர்ந்த ஒருவர் என்பதும் எம்மவருட் பலர் அறியாத செய்திகள்.

ஹியூகோ கேர்ன்ஸ்பாக் 1884ஆம் ஆண்டு லக்சம்பேர்க்கிற் பிறந்தவர். ஜேர்மனியில், றைன் நதிக்கரையிலுள்ள பிங்கன் நகரிற் தொழில்நுட்பம் பயின்றவர். 1904இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே வானொலிக் கருவிகளை விற்றார். தொழில்நுட்ப இதழ்களை நடத்தினார். 1926 ஏப்ரலில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்னும் மாத இதழை நியூயோர்க்கில் ஆரம்பித்தார். முழுவதும் அறிவியல் புனைகதைகளுக்கென்றே ஆங்கிலத்தில் வெளிவந்த முதல் இதழ் அதுவே.

தொடக்கத்தில் அவ்விதழ் ஜூல்ஸ் வேர்ண், எச். ஜி. வெல்ஸ் முதலியோரின் பழைய ஆக்கங்களை மறுபிரசுரம் செய்தே பெரும்பாலும் வெளிவந்தது. புதியவர்கள் தேவைப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பர் இதழின் அட்டையில், ஒஸ்திரியாவிற் பிறந்த ஓவியர் பிராங்க் போல் வரைந்த படமொன்று வெளியாயிற்று. வானில் மிதக்கும் பெரும் கோளமொன்று கடற்கப்பலைத் தூக்கிச் செல்கிறது. விசித்திரமான நிலமொன்றில் நிற்கும் மனிதர்கள் அதனை அண்ணாந்து பார்க்கிறார்கள். இப்படத்துக்குப் பொருந்தும் கதையை எழுதுவதே போட்டி. பரிசுத்தொகை மொத்தம் 500 டொலர்.

வந்து குவிந்தவை 360 கதைகள். மூன்றாம் பரிசான 100 டொலரைப் பெற்றவர் கிளேர் விங்கர் ஹாரிஸ் என்னும் பெண்மணி. பூமியின் நீரைச் செவ்வாய்க் கிரகத்தவர் கவர்ந்து செல்வதாக அவர் புனைந்த கதை 1927 ஜூன் இதழில் வெளியாயிற்று. பெண்ணொருவர் பரிசு பெற்றது கேர்ன்ஸ்பாக்கையே வியக்க வைத்தது. அறிவியல் புனைகதை இதழ்களிற் சொந்தப் பெயரிலேயே எழுதிய முதற் பெண்களுள் ஒருவராக ஹாரிஸ் இன்று மதிக்கப்படுகிறார்.

நாம் வாழும் இந்நாட்டுக்கும் இவ்விலக்கியம் அந்நியமானதன்று. கோத்தா நகர ஆசிரியரான குர்ட் லாஸ்விட்ஸ், பூமியும் செவ்வாயும் சந்திக்கும் தமது பெருநாவலை 1897இலேயே வெளியிட்டார். கேர்ன்ஸ்பாக்கின் பெயரால் வழங்கப்படும் 'ஹியூகோ' விருதுகள் 1970இல் ஹைடல்பேர்க் நகரில் வைத்து வழங்கப்பட்டன. ஜேர்மன் அறிவியல் புனைகதைக் கழகத்தின் ஆண்டுப் பரிசு, நாவலுக்கு மட்டுமன்றிச் சிறுகதைக்கும் 1985 முதல் அளிக்கப்பட்டு வருகிறது. தமிழிலும் சுஜாதா இட்ட பாதை உண்டு. 'அரூ' இதழ் 2019இல் அறிவியற் சிறுகதைப் போட்டி ஒன்றை நடத்தியது.

இவற்றை இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. புலம்பெயர்ந்த மண்ணில் நாம் நடத்தும் சிறுகதைப் போட்டிகளின் கருப்பொருள் பெரும்பாலும் ஊரும் போரும் பிரிவுமாகவே அமைகிறது. அது தவறன்று, எழுதாது விட்டால் அழிந்துபோகும் நினைவுகள் அவை. ஆயினும், எசனிலோ ஸ்டுட்கார்ட்டிலோ பிறந்த பிள்ளைக்கு அந்த முற்றமும் கிணற்றடியும் பெற்றோர் சொல்லக் கேட்டவையே. தான் காணாத ஊரைப் பற்றி எழுதுமாறு பணிக்கும்போது, அப்பிள்ளை பெற்றோரின் சொற்களையே திருப்பி எழுதுகிறது. பின்னர் தமிழில் எழுதுவதையே விட்டுவிடுகிறது.

நினைவு எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. எதிர்காலமோ எவருக்கும் முன்னரே தெரிந்ததன்று. அங்கே பாட்டியும் பேத்தியும் சமமான இடத்திலிருந்தே தொடங்குகின்றனர். கருப்பொருள் ஒன்றே என்பதால், அனுபவம் மிக்கவரும் முதன்முறை பேனா பிடிப்பவரும் ஒரே வெற்றுத்தாளின் முன் அமர்கின்றனர்.

இத்தகைய கதைக்கு விஞ்ஞானப் பட்டம் வேண்டியதில்லை. உலகில் ஒன்றை மட்டும் மாற்றுக. மற்ற யாவற்றையும் இருந்தவாறே விடுக. பின்னர் என்ன நிகழும் என்பதை நேர்மையாகத் தொடர்ந்து செல்க. எடுத்துக்காட்டாக: ஒருநாட் காலை உலகின் கடவுச்சீட்டுகள் யாவும் வெற்றுத்தாள்களாகிவிடுகின்றன. அன்று வெளிநாட்டவர் அலுவலகத்தின் வாயிலில் யார் வரிசையில் நிற்பர்? யார் யாரிடம் விண்ணப்பிப்பர்? விசாவுக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த ஒருவர் இதனை எழுதினால், அதற்கு ஈடான கதையை வேறெவரால் எழுத இயலும்?

வாரஇறுதித் தமிழ்ப் பள்ளிகளும் மன்றங்களும் அடுத்த ஆண்டுவிழாப் போட்டியில் ஒரு பிரிவையேனும் இதற்கென ஒதுக்கலாம். ஒரு படம், ஒரு கருப்பொருள், மூன்று பக்கம் போதும். எழுத்துப்பிழைக்குப் புள்ளி குறைக்காதிருப்பது நன்று. பிழை திருத்த ஆசிரியர் இருக்கிறார். கதையைக் கற்பனை செய்ய அப்பிள்ளை ஒருவரே இருக்கிறார்.